பினாத்தாங் தோட்டத்துப் புலி

புலி வந்த அன்று பெத்தம்மாள் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தேன்கரடிக்கும் ஊங்காக் குரங்குகளுக்கும் அந்தக் கிழங்கைத்தான் பெரிய அண்டாவில் வேகவைத்துப் போடுவது. மார்கழி மாதம். விடியற்காலை பெய்த மழையில் விறகு நனைந்து கொட்டகை முழுக்கப் புகை.

வெளியே சடக்குச் சாலையில் லாரி நின்ற சத்தம் கேட்டது. வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அப்துல் லத்தீப் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"தங்கச்சி, நீ முன்பக்கம் வராத. இங்கயே இரு."

"ஏன் பாய்? என்ன வந்திருக்கு?"

லத்தீப் பாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "புலி" என்றார்.

பெத்தம்மாள் கையிலிருந்த கிழங்கை முழுவதும் உரித்து முடித்தாள். அதை அண்டாவில் போட்டுவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். பாய் இன்னும் நிற்பதைப் பார்த்து, "நான் எங்கயும் போகல பாய். நீங்க கடயப் பாருங்க" என்றாள்.

மலாக்கா டவுன் முடிந்து புக்கிட் காத்தில் என்ற ஊருக்குப் போகும் சடக்கில், மலாய்க் கிராமமான கம்பத்து வீடுகள் தொடங்கும் இடத்தில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பழத்தோட்டம் இருந்தது. ரம்புத்தானும் மங்குஸ்தீனும் டுரியானும் தவுக்கேயின் அப்பா வைத்தவை. மகனுக்குப் பழத்தில் நாட்டமில்லை. முதலில் யாரோ கொண்டுவந்த இறக்கை ஒடிந்த இருவாச்சி ஒன்றை வாங்கிக் கூண்டில் விட்டார். பிறகு வந்துகொண்டே இருந்தன. அந்த வருஷங்களில் ஆயர் குரோவுக்குப் பின்னாலும் செங்குக்கு அப்பாலும் ரப்பர் போடக் காட்டை வெட்டிக் கொளுத்தினார்கள். ஒவ்வொரு கொளுத்தலுக்கும் காட்டிலிருந்து ஏதாவது வெளியே வந்தது. குளம்பு வெந்த தெனுக் ஒன்று வந்தது. உடல் பன்றி மாதிரி, மூக்கு யானையின் பாதித் துதிக்கை மாதிரி. முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை. தாயை இழந்த தேன்கரடிக் குட்டி வந்தது. சருகுமான்கள் சாக்குப்பையில் வந்தன. வேறு இடமாக இருந்தால் சட்டிக்குப் போயிருக்கும், அல்லது கப்பலேறியிருக்கும். தவுக்கே வாங்கி வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களுக்குச் சீட்டு வைத்தார்.

மலாய்க்காரர்கள் விலங்கைப் பினாத்தாங் என்பார்கள். அதனால் தமிழர்களுக்கு அது பினாத்தாங் தோட்டம் ஆயிற்று. பெத்தம்மாளின் புருஷன் நாகமுத்துவை டவுனில் யாராவது எந்தத் தோட்டத்து ஆள் என்று கேட்டால், "பினாத்தாங் தோட்டம்" என்பான். அங்கே ரப்பர்ப் பால்மரம் நிறைய உண்டா என்று கேட்டால், "மரம் கம்மி, கரடி ஒண்ணு இருக்கு" என்பான்.

நாகமுத்துவும் பெத்தம்மாளும் ஆயர் குரோ மேட்டுத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். ரப்பர் விலை விழுந்தபோது பேர் வெட்டி ஆட்களை நிறுத்தினார்கள். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் காத்திருக்கிறது, போகிறவர்கள் போகலாம் என்றார்கள். பெத்தம்மாள் இங்கேயே பிறந்தவள். போய் இறங்கினால் முகம் தெரிந்த ஒருவர் கிடையாது. நாகமுத்து பழத்தோட்டத்தில் புல் வெட்ட ஆள் கேட்பதாகக் கேள்விப்பட்டு வந்தான். வந்தவன் தெனுக்குக்குத் தீனி போட்டான், கரடிக் கூண்டைக் கழுவினான், அப்படியே நிலைத்துவிட்டான். பின்பக்கம் ஒரு பலகை வீடு கொடுத்தார்கள். பெத்தம்மாளுக்குக் கொட்டகை வேலை. அவளுடைய அம்மா இருசம்மாளும் தம்பி தங்கையாவும் மேட்டுத் தோட்டத்திலேயே இருந்தார்கள்.

போன ஐப்பசியில் தங்கையாவைப் புலி அடித்தது. காட்டோரம் இருக்கும் மேட்டு நிரையில், ரப்பர் மர வரிசையில், பால் வெட்டிக்கொண்டிருந்தபோது. பால் நிறுக்கும் நேரத்துக்கு வரவில்லையே என்று ஆட்கள் தேடிப்போய்க் கண்டுபிடித்தார்கள். புதைத்துவிட்டு வந்த பிறகு இருசம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் 'ம்', இல்லையென்றால் 'வேணாம்'. மறுவாரமே வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். மகள் கூப்பிட்டும் வரவில்லை.

புலி வந்த சாயங்காலம் நாகமுத்து ஓடையில் இறங்கித் தலைமுழுகிவிட்டு வந்தான். பெத்தம்மாள் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. அவன் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அதுதானா?" என்று கேட்டாள்.

"தெரியல புள்ள."

"தவுக்கே என்ன சொல்றாரு?"

"அவரு அதேதாங்கறாரு. கம்பத்து ஆளுங்க பொறி வச்சுப் புடிச்சது புக்கிட் காத்திலுக்கும் அந்தாண்ட. மேட்டுத் தோட்டம் எங்க, அது எங்க. ஆனா புலிக்கு அது ஒரு தூரமா?"

"நீங்க கிட்ட போயிப் பார்த்தீங்கல்ல. மொகத்தப் பார்த்தாத் தெரியாதா?"

"புலி மொகத்துல என்ன எழுதியா இருக்கு?" அவன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "பொறியில ஒரு முன்காலு நசுங்கியிருக்கு. நக்கிக்கிட்டே கெடக்கு. எறச்சி போட்டா மோந்துகூடப் பார்க்கல."

"ஒங்களத்தான் தீனி போடச் சொன்னாங்களா?"

"வேற யாரு இருக்கா? முடியாதுன்னு சொல்லலாம். சொன்னா வேற ஆளப் பார்ப்பாரு. நாம எங்க போறது?"

பெத்தம்மாள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "கைய நல்லாக் கழுவுனீங்களா?" என்று கேட்டாள்.

"கழுவுனேன்."

"அப்பச் சாப்புடுங்க."

அதற்குப் பிறகு வீட்டில் புலி என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. அவன் தினமும் ஓடையில் குளித்துவிட்டுத்தான் படியேறினான். அவள் புலிக்கூண்டு இருக்கும் பக்கத்தை விட்டுச் சுற்றிக்கொண்டு போய் மான்களுக்குப் புல் போட்டாள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அதன் வாடை கொட்டகைக்குள் வரும். அப்போது எழுந்து அடுப்பில் விறகைத் தள்ளுவாள். புகை வாடையை மறைத்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் தவுக்கேக்குக் கை இறுகிப்போயிருந்தது. டவுனில் அவருடைய இரண்டு கடைகள் மூடிக் கிடந்தன. எல்லாவற்றையும் சிங்கப்பூர் வியாபாரி ஒருவனுக்குத் தள்ளிவிடப்போகிறார் என்று பேச்சு இருந்தது. புலி வந்த பிறகு மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சடக்கு வரை ஆட்கள் நின்றார்கள். தவுக்கே வாசலில் பெரிய படுதா ஒன்றை வரையச் சொல்லிக் கட்டினார். நாடகக் கம்பெனியில் கூவிக்கொண்டிருந்த ரங்கசாமி என்பவனைத் தகரக் குழாயோடு கொண்டுவந்து நிறுத்தினார்.

பெத்தம்மாளுக்கு வாசல் பக்கம் வேலை கிடையாது. தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு வாங்க லத்தீப் பாய் கடைக்குப் போனபோதுதான் படுதாவைப் பார்த்தாள். மஞ்சள் புலி ஒன்று ஒரு ஆளைக் கழுத்தில் கவ்விக்கொண்டு நின்றது. ஆள் கண்ணை மூடிச் சிரித்த மாதிரி இருந்தான். அவன் கைப்பக்கம் கள்ளுப் போத்தல் சாய்ந்து கிடந்தது.

ரங்கசாமி தகரக் குழாயை வாயில் வைத்தான்.

"வாங்கம்மா வாங்க, ஐயா வாங்க! மேட்டுத் தோட்டத்துல கள்ளக் குடிச்சுட்டுக் கவுந்து கெடந்தான் ஒரு கூலிக்காரன்! கனவுல பொண்டாட்டி வந்து இழுக்குறான்னு நெனச்சான், கண்ணத் தொறந்தா புலி இழுக்குது! அந்தப் புலிதான், அதே புலிதான், உள்ள இருக்கு, வந்து பாருங்க!"

கூட்டம் சிரித்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெத்தம்மாள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டவளாகத் தெரியவில்லை. கதை அப்படி இருந்தது, சிரித்தாள்.

லத்தீப் பாய் கடையை விட்டு இறங்கி வந்தார். "நான் அவங்கிட்டச் சொன்னேன் தங்கச்சி. கேக்க மாட்டேங்கறான்."

பெத்தம்மாள் நேராக ரங்கசாமியிடம் போனாள். "அண்ணே, இந்தக் கத ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"தவுக்கே சொன்னாரு. கொஞ்சம் நானும் சேத்துக்கிட்டேன். ஏன்?"

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இல்ல. அவன் என் தம்பி."

ரங்கசாமி குழாயைக் கீழே இறக்கினான். "எனக்குத் தெரியாது தங்கச்சி, சத்தியமா" என்றான். கூட்டம் அடுத்த கூவலுக்காகக் காத்து நின்றது. அவன் கூட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கடைசியில் குழாயை எடுத்து, "வாங்கம்மா வாங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான்.

அன்று மாலை நாகமுத்து தவுக்கே வீட்டுக்குப் போய் வாசலில் நின்றான். இருவரும் பேசுவது மலாயில்தான். படுதாவை எடுத்துவிட வேண்டும், செத்தவன் என் மச்சான் என்றான். தவுக்கே அவனை உட்காரச் சொன்னார். ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்தார். வருத்தப்படாமல் இல்லை. ஆனால், "நாகா, போன வருஷம் ஊங்காவுக்குப் பழம் வாங்க நான் என் பெண்டாட்டி வளையலைக் கழற்றினேன். இப்போது புலி எல்லாருக்கும் சோறு போடுகிறது. சாதாரணப் புலியைப் பார்க்க யார் வருவான்? ஆள் தின்ற புலி என்றால்தான் வருவான். கதையை எடுத்தால் கூட்டம் போகும். கூட்டம் போனால் நான் விற்றுவிடுவேன். தெனுக்கை யார் வாங்குவான், சொல். கறிக்காரன் வாங்குவான்" என்றார்.

நாகமுத்து திரும்பி வந்து அப்படியே பெத்தம்மாளிடம் சொன்னான். எதையும் மறைக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அவரு சொல்றதும் நெசந்தான?"

"நெசந்தான். தெனுக்கும் பொழைக்கணும், ஊங்காவும் பொழைக்கணும். அதுக்குத் தங்கையா குடிகாரனாப் போகணும்."

"புள்ள..."

"நான் ஒங்களக் கொற சொல்லல. அவன் செத்ததுக்குப் புலியக்கூட நான் திட்டல. அதுக்குப் பசி, அடிச்சுச்சு. சிரிக்கிறாங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல."

நாகமுத்து கால் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். "இங்க இருந்து போயிரலாமா?" என்றான். "செங் பக்கம் காய்கறித் தோட்டத்துல ஆளு எடுக்குறாங்களாம்."

"நாம போனா அவங்க சிரிக்காம இருப்பாங்களா?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் மாசி பிறந்தது. பெத்தம்மாள் பஸ் ஏறி ஆயர் குரோவில் இறங்கி மேட்டுத் தோட்டத்துக்கு நடந்தாள். செம்மண் பாதை. வெயிலில் பால்மரத்து இலைகள் பழுத்து உதிர்ந்து கிடந்தன, நடக்கும்போது சரசரத்தன. மேட்டுக்கு அந்தப் பக்கம் காடு இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. வெட்டிய மரங்கள் காயட்டும் என்று போட்டிருந்தார்கள். பெரிய மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரும் மண்ணுமாக. காய்ந்ததும் கொளுத்துவார்கள்.

இருசம்மாள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பெத்தம்மாள் ஊர்க்கதையெல்லாம் பேசினாள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போவதைப் பற்றிப் பேசினாள். படுதாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது இருசம்மாள் கேட்டாள்.

"போத்தல் வரஞ்சிருக்காங்களாமே?"

பெத்தம்மாள் நின்றுவிட்டாள். அவ்வளவு நீளமாக அம்மா பேசி மாதக்கணக்கு ஆகியிருந்தது.

"யாரு ஆத்தா சொன்னா?"

"இங்கேருந்து எல்லாருந்தான் போயிப் பார்த்துட்டு வர்றாங்க. வந்து சொல்லிச் சிரிக்கிறாங்க. நான் இருக்கறது தெரிஞ்சா நிறுத்திக்கிறாங்க." ஒரு மங்கை எடுத்து மறுபடியும் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த மங்குதான். "மாசி மகத்துக்கு நான் வர்றேன். சாமி கும்புட்டுட்டு அங்க கூட்டிட்டுப் போ."

"வேணாம் ஆத்தா. ஒன்னால பார்க்க முடியாது."

"கூட்டிட்டுப் போ."

மாசி மகத்துக்கு மறுநாள் டவுன் முழுக்கத் தோட்டத்து ஜனங்கள். சன்னாசிமலையில் நேர்த்திக்கடன் முடித்தவர்கள் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பினாத்தாங் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கச்சான் கடலை வறுக்கும் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து அடித்தது. லத்தீப் பாய் கடையில் தேத்தண்ணி ஆற்றும் சத்தம் நிற்கவேயில்லை. பெத்தம்மாள் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருசம்மாள் வெள்ளைச் சேலையில் இருந்தாள். வாசலில் நின்று படுதாவைப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

புலிக்கூண்டுக்கு முன்னால் மூங்கில் தட்டி கட்டியிருந்தது. கூட்டம் அதில் சாய்ந்து நின்றது. புலி பின்சுவர் ஓரம் படுத்திருந்தது. நசுங்கிய கால் ஆறியிருந்தது, ஆனால் வளைந்திருந்தது. யாரோ கச்சான் தோலை எறிந்தார்கள். அது கண்ணைத் திறந்து மூடியது.

ரங்கசாமி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று தொடங்கினான். பெத்தம்மாள் கேட்ட நாளிலிருந்து அவன் பொண்டாட்டி இழுப்பதை விட்டுவிட்டான். ஆனால் கள்ளை விட முடியவில்லை. தவுக்கே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மேட்டுத் தோட்டத்துல கள்ளக் குடிச்சுட்டு..." என்று அவன் ஆரம்பித்தபோது இருசம்மாள் தட்டிக்குப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினாள்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து."

அவள் குரல் பெரிதல்ல. ஆனால் ரங்கசாமி நிறுத்திவிட்டான்.

"அந்தக் கூலிக்காரனப் பெத்தவ நான். அவன் பேரு தங்கையா. இம்புட்டு நேரம் பேசுறியே, பேரச் சொல்லலியே நீ."

முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். பின்னால் யாரோ என்ன என்ன என்று கேட்டார்கள். கூட்டம் மெல்ல அடங்கியது.

"அன்னிக்கு எனக்குக் குளிர்காச்சல். காலயில ஆளெண்ணுற பெரட்டுக்குப் போகலேன்னாப் பேரு வெட்டிருவாங்கன்னு எந்திரிச்சேன். அவன் என்னப் புடிச்சுப் படுக்க வச்சுட்டான். நீ படு ஆத்தா, ஒன் நெரய நான் பார்த்துக்கறேன்னான். கஞ்சி காச்சிக் குடுத்தான். உப்புப் போட மறந்துட்டான். என்னடா உப்பில்லன்னு கேட்டேன். அவங்கிட்ட நான் கடசியாப் பேசுனது அதான்."

அவள் கொஞ்சம் நிறுத்தினாள். யாரையும் பார்க்காமல் தட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தன்னோட நெரய முடிச்சுட்டு என் வாளியும் கத்தியும் எடுத்துக்கிட்டு மேட்டுக்கு ஏறுனான். என் நெர காட்டோரம். அதுக்கு அந்தாண்ட அப்பத்தான் காட்ட வெட்டிக்கிட்டிருந்தாங்க. பன்னி மானு எல்லாம் ஓடிப்போச்சு. புலி எங்க போகும்? அவன் குடிக்கவே மாட்டான்னு நான் சொல்ல வரல. சம்பளத்தன்னிக்குக் குடிப்பான், பாடிக்கிட்டு வருவான், நான் ஏசுவேன். அன்னிக்குக் குடிக்கல. கள்ளுக்கட மத்தியானத்துக்கு மேலதான் தொறப்பாங்க. அவன் போனது காலயில. எடுக்கப் போனவங்க வந்து சொன்னாங்க, மங்குல பாலு நெறஞ்சிருந்துச்சாம். பாதி நெர வெட்டியிருந்தானாம். எம் புள்ள வேல செஞ்சுக்கிட்டு இருந்தப்பச் செத்தான். அந்தப் படத்துல இருக்கற போத்தல அழிச்சுட்டு வாளிய வரைங்க."

அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு மொட்டைத்தலைக்காரர், மேட்டுத் தோட்டத்து ஆள், தலையைக் குனிந்துகொண்டார். கள்ளுக் கதையை முதலில் லயத்தில் சொன்னவர் அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இருசம்மாள் அப்போதுதான் கூண்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். புலியும் தலையைத் தூக்கியது. பெத்தம்மாள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எங்கே விழுந்துவிடுவாளோ என்று பயம்.

"காலு என்ன இப்படி இருக்கு?" என்றாள் இருசம்மாள்.

கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற நாகமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னான். "பொறியில மாட்டுனது அத்த."

"ம்" என்றாள் அவள். திரும்பி நடந்தாள்.

படுதாவை ரங்கசாமியே அன்று மாலை அவிழ்த்தான். தவுக்கே சொல்லவுமில்லை, தடுக்கவுமில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. லத்தீப் பாய் மலாயில் வரி வரியாகச் சொன்னதை உட்கார்ந்து கேட்டார். பிறகு பலகை வீட்டுக்கு வந்தார். படியில் ஏறாமல் கீழேயே நின்று, நாகமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மா பேசியபோது யாரும் நகரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து அதையே சொல்ல முடியுமா? கூலி தருகிறேன். பொய் வேண்டாம், அவர் பையன் கதையை அவர் வாயாலேயே சொல்லட்டும்.

நாகமுத்து உள்ளே வந்து அதைச் சொல்லக் கூசினான். சொன்னான்.

இருசம்மாள் கோபப்படவில்லை. "நல்ல மனுசந்தான் போல. கூப்புடணும்னு தோணியிருக்கு" என்றாள். "ஒருக்காச் சொல்லத்தான் வந்தேன். வாராவாரம் சொன்னா அதுவும் கூத்தாப் போயிரும் மாப்ள. எனக்கே ஒருநா மரத்துப் போயிரும்."

தவுக்கே தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் முன்பு சொன்னது பொய்யில்லை, கூட்டம் குறைந்தது. ரங்கசாமி இப்போது வேறு மாதிரிக் கூவினான். எந்தக் காட்டிலிருந்து எது வந்தது, அந்தக் காடு இப்போது யார் கையில் இருக்கிறது என்று சொன்னான். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் சிரிப்பில்லை. இரண்டு ஊங்காக்களைத் தவுக்கே கப்பல்காரன் ஒருவனுக்கு விற்றார். அவை சாக்கு மூடிய கூட்டில் கத்திக்கொண்டே போனபோது பெத்தம்மாள் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவள் நினைத்தாள், அம்மாவைக் கூட்டிவந்திருக்கக் கூடாதோ என்று. அன்றைக்கு மட்டும்.

லத்தீப் பாய்க்குத்தான் அந்த யோசனை வந்தது. தவுக்கேயிடம் போய், "சீட்டு வாங்க முடியாதவன் ஒரு கூடை தீனி கொண்டுவந்தால் உள்ளே விடுங்கள். காசு உங்களுக்கு வந்து பிறகு தீனியாகத்தானே போகிறது" என்றார். தவுக்கே முதலில் சிரித்தார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாரோ என்னவோ, சரி என்றார். பாயே பசாருக்குப் போய் இறைச்சிக் கடைக்காரர்களிடம் மிச்ச மீதியைப் புலிக்குக் கேட்டு வாங்கினார். ரங்கசாமி சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கூவிவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மரவள்ளியும் பலாக்காயும் வாழைத்தாருமாக லயத்து ஜனங்கள் வந்தார்கள். தாங்கள் கொண்டுவந்த கிழங்கைக் கரடி தின்கிறதா என்று நின்று பார்த்தார்கள். தின்றால் சந்தோஷப்பட்டார்கள். "எங்க வீட்டுக் கெழங்குலா அது!" என்று ஒருத்தி சத்தம் போட்டாள்.

இருசம்மாள் மேட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிப் போகவில்லை. போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொட்டகையில் ஆள் போதவில்லை என்று பெத்தம்மாள் சொன்னாள். அது பொய்யுமில்லை. இருசம்மாள் அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கரடிக் கஞ்சிக்கு உப்புப் போடலாமா வேண்டாமா என்று மகளும் தாயும் ஒருநாள் சண்டை போட்டார்கள். நாகமுத்து வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இப்போது ஓடையில் குளிக்காமலும் வீட்டுக்குள் வந்தான்.

பங்குனியில் மேட்டுக்கு அப்பால் போட்டிருந்த மரங்களைக் கொளுத்தினார்கள். டவுன் வரை புகை. வெயில் செம்மண் நிறத்தில் விழுந்தது. சாம்பல் பறந்து வந்து தெனுக்கின் வெள்ளை முதுகில் உட்கார்ந்தது. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, மேட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டியில் ஈரச் சாக்குக்குள் தெனுக் குட்டி ஒன்று. உடம்பெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, பூசணிக்காய் மாதிரி இருந்தது. காதோரம் பொசுங்கியிருந்தது. வண்டிக்குப் பின்னால் ஆட்கள் நடந்தே வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் கரி. மாசி மகத்துக்கு மறுநாள் தலையைக் குனிந்துகொண்ட மொட்டைத்தலைக்காரரும் வந்திருந்தார். மொட்டையில் இப்போது முடி குத்தி நின்றது.

"கங்காணி கறி போட்டுக்கலாம்னாரு" என்றார் அவர். "எங்களுக்கு மனசு வரல. வழியெல்லாம் தண்ணி நனச்சுக்கிட்டே வந்தோம்."

நாகமுத்துவும் பெத்தம்மாளும் குட்டியைத் தூக்கி ஓடை நிழலுக்குக் கொண்டுபோனார்கள். பெத்தம்மாள் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து காதில் தடவினாள். அது அவள் விரலைச் சூப்பப் பார்த்தது. குடிக்குமா, பிழைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லத்தீப் பாய் ஒரு தூக்கு நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினார்.

குடித்து முடித்ததும் அந்த ஆள் தயங்கித் தயங்கி இருசம்மாள் பக்கம் வந்தார். கொட்டகை வாசலில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இவங்கள்ல பாதிப்பேரு அந்தப் புலியப் பார்த்ததில்ல. பார்த்துட்டுப் போலாமா?"

பெத்தம்மாள் ஓடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நாகமுத்துவும் பார்த்தான். மாசி மகத்துக்குப் பிறகு இருசம்மாள் அந்தப் பக்கம் போனதேயில்லை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

இருசம்மாள் முறத்தை ஓரமாக வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர்களுக்கு முன்னால் நடந்தாள். ரம்புத்தான் மரங்களைக் கடந்து, மான் பட்டியைக் கடந்து, மூங்கில் தட்டி தெரிந்ததும் நின்று திரும்பினாள். பின்னால் வந்தவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாம வாங்க" என்றாள். "இம்புட்டு நேரம் பொகையில தவிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பத்தான் கண்ண மூடியிருக்கு."